மாமியார் என்று பெயர் வைத்த பெட்டி

என் மேஜை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கிறது. ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. ஒயர் இல்லை, கரண்டு இல்லை, இனி அது கத்த வழியே கிடையாது. ஆனாலும் அந்த இழுப்பறையை நான் அதிகம் திறப்பதில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிவரும் வேன்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கடம்பத்தூர்ப் பக்கமிருந்து பதினான்கு பெண்களைக் காலை ஷிப்டுக்கு ஏற்றி வந்தவர் டிரைவர் அண்ணன். என்னைவிட இருபது வயது மூத்தவர். எத்தனை பேர் ஏறினார்கள் என்று நான் வழியெல்லாம் போன் போட்டுக் கேட்க வேண்டும். ஆள் குறைந்தால் லைனில் வேறு ஆளைப் போட வேண்டுமே. அவர் ஓட்டிக்கொண்டேதான் பதில் சொல்வார். ஓரம் கட்டிப் பேசினால் வண்டி தாமதம். அதற்கும் நான்தான் திட்டுவேன். கேடுகெட்ட ஏற்பாடு. அதை மாற்ற எவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மாற்றாமல், வேனுக்கு வேன் இந்தப் பெட்டியை மாட்டினார்கள். டிரைவர் போனில் பேசும்போது முன்னால் ஏதாவது நெருங்கினால் இது கத்தும். ஒரு முறை, இரண்டாம் முறை, பிறகு நிற்காமல்.

பெண்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். அது கத்தினால் பின் சீட்டுப் பேச்சு எனக்கே போனில் கேட்கும். "தோ, மாமியா ஆரம்பிச்சிட்டா! போன வைண்ணா, இல்லாட்டி சோறு போட மாட்டா." அவரும் விட மாட்டார். "இத்த வச்சா ஆபீஸ்ல கீற மாமியாரு கத்துவாரும்மா." நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அன்று நல்ல வெயில் ஏறிவிட்டது. வண்டி பத்து நிமிடம் பிந்தியிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கை இரண்டும் ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். மனசை மட்டும் நான் பிடித்து வைத்திருந்தேன்.

"பதிமூணு பேரு சார்."

"பதினாலுல்ல? யாரு வர்ல?"

பெட்டி கத்தியது.

"இரு சார், பொட்டி கத்திகினு கீது."

"அது கத்திகினுதான் இருக்கும். பேர சொல்லுண்ணா, லைன் நிக்குது."

மறுபடி கத்தியது. பின்னால் யாரும் சிரிக்கவில்லை.

"நைனா, போன வைய்யி!"

ஒரு நாளும் என்னை சார் என்பதைத் தவிர வேறு எப்படியும் அழைக்காதவர். அப்போதும் நான் "பேரு, பேரு" என்றேன். மூன்றாவது கத்தல் நிற்கவே இல்லை. அதன் மேலேயே இரும்பு நசுங்கியது. அலறல். போன் மட்டும் துண்டாகவில்லை. காதிலிருந்து அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

திரும்புவதற்காக ரோட்டை அடைத்து நின்ற டிரெய்லர் லாரி. கடைசி நொடியில் தன் பக்கம் அடிபடும்படி வண்டியை ஒடித்திருக்கிறார். பெண்களில் இரண்டு பேருக்குக் கை முறிந்தது. அவருக்கு வலது கால் முட்டிக்குக் கீழே போயிற்று.

விசாரணைத் தாளில், 'எச்சரிக்கை ஒலியை ஓட்டுநர் மதிக்கவில்லை' என்று எழுதினேன். எழுதச் சொன்னார்கள். எழுதிய கை என்னுடையது. அவருக்கு வேலை போயிற்று, பேரும் போயிற்று. அந்த வேனிலிருந்து கழற்றிய பெட்டி என் இழுப்பறைக்கு வந்தது.

ஒரு முறை அவர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். டீ கொடுக்கச் சொன்னார். பிறகு ஒன்றுதான் கேட்டார்.

"அன்னிக்கு பொட்டி கத்துனது உனக்கு கேட்டுச்சா சார்? நான் போன வைக்க சொன்னேன்னா ஊட்லயே யாரும் நம்ப மாட்றாங்க."

"சிக்னல் இல்லண்ணே. ஒண்ணும் கேக்கல."

தலையை ஆட்டிக்கொண்டார். டீ ஆறிப்போனது.

இப்போது ஓடும் வண்டிக்கு நான் போன் போடுவதில்லை. கேட்டுக்குள் வந்த பிறகுதான் தலையை எண்ணுகிறேன். மேலே இருப்பவர்கள் திட்டுகிறார்கள், திட்டட்டும். திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம், அவ்வளவுதான். தினமும் கடைசி வேன் உள்ளே திரும்பும்வரை எனக்குக் காலை நாஷ்டா இறங்குவதில்லை.

இப்போது நான் எழுதும் இந்தத் தாளின் ஒரு நகல் நாளை ஆபீசுக்குப் போகும், ஒன்று கடம்பத்தூரில் அண்ணன் வீட்டுக்கு. அப்புறம் எனக்கு வேலை இருக்குமா தெரியாது. அதுவும் பயம்தான். இழுப்பறை திறந்திருக்கிறது. பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

கேட்டதண்ணே. மூன்று முறையும் கேட்டது.