கன்னத்தில் அடக்கிய புளி மிட்டாய்

போன வாரம் திருவிடைமருதூரில் பேருந்துக்கு நின்றபோது, பக்கத்தில் ஒரு பெண் புளி மிட்டாய் பிரித்தாள். அந்த வாசனைக்கு எனக்கு வாய் ஊறுவதற்கு முன் கோபம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

பன்னிரண்டாவது முடித்ததும் குடவாசல் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி, கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனேன். நாள் முழுக்க நிற்க வேண்டும். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போனால் மேற்பார்வையாளர் முறைப்பார். அதனால் சேலைப் பிரிவில் யாருமே தண்ணீர் குடிப்பதில்லை. தொண்டை வறளாமலிருக்க ஆளுக்கொரு புளி மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வோம். அடக்கியபடியே "இது சாஃப்ட் சில்க்குங்க" என்று குழறாமல் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அதை ஒரு சாமர்த்தியம் என்று வேறு நினைத்திருந்தேன்.

இரண்டாவது தீபாவளிக்குள் சிங்கப்பல்லிலும் பக்கத்துப் பற்களிலும் ஈறோரம் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளை படிந்துவிட்டது. மேற்பார்வையாளர் கண்ணில் பட்டது.

"பல்லு தெரியாம சிரிம்மா. இல்லேன்னா குடோனுக்குப் போயிடு."

குடோனுக்கு ஜன்னல்கூடக் கிடையாது. அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தோடுதான் அரசு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா பல்லைக் காற்றடித்து உலர்த்திப் பார்த்தார்.

"ஓட்டை விழலம்மா. பல்லுல இருக்கற சத்து கரைஞ்சிருக்கு, அவ்வளவுதான். எச்சில்தான் அதத் திருப்பிக் கொண்டாந்து சேர்க்கும். நீ வாயக் காயப்போட்டா எச்சிலுக்கு எங்க போறது?"

ஃபுளோரைடு பூச்சு தடவினார். ஃபுளோரைடு பேஸ்ட்டால் இரண்டு வேளை தேய்க்கணும், மிட்டாயை விடணும், தண்ணீர் குடிக்கணும் என்றார். கடைசியில் சொன்னதுதான் எனக்குப் பெரும்பாடு.

வீட்டில் சொன்னதும் அம்மாவுக்கு ஆத்திரம். "நடவுக்குப் போற நானே வரப்புல உக்காந்து தண்ணி குடிக்கிறேன். ஏசி கடையில நிக்கிற ஒனக்கு அதுகூட இல்லியாடி?"

மறுநாள் பெரிய பாட்டிலாக எடுத்துப் போய், வாடிக்கையாளர்கள் பார்க்கவே குடித்தேன்.

"கீழ வைம்மா" என்றார் மேற்பார்வையாளர்.

"டாக்டர் குடிக்கச் சொல்லியிருக்காங்க சார். குடிப்பேன். பாத்ரூமும் போவேன்."

வீரம்தான், ஆனால் மூடியை அவசரமாகத் திருகியதில் பாதித் தண்ணீர் சேலையில் கொட்டியது. நல்லவேளை, நான் கட்டியிருந்த சேலை. அடுத்த வாரம் எங்கள் பிரிவில் ஏழு பாட்டில்கள் நின்றன. ஏழு பேரையும் குடோனுக்கு அனுப்பிவிட்டு அவர் யாரை வைத்துச் சேலை விற்பார்?

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ஷோரூம். குடோனை இடித்து வண்டி நிறுத்துகிறார்கள். பல் தெரியாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்த அந்தப் பழைய நானும் எங்கேயோ போய்விட்டேன். என் பற்களில் ஒன்றுகூடப் போகவில்லை. வெள்ளைத் தடம் மட்டும் லேசாக இருக்கிறது. அதை மறைத்துவிடலாமா என்று ஒரு புது டாக்டர் கேட்டார்.

"வேண்டாங்க, தெரியட்டும்" என்றேன், எல்லாப் பல்லும் தெரிய.