எதிர்வீட்டு அண்ணன் பிடித்த தகரம்

ஊரடங்கு நேரத்தில் எனக்குக் கொரோனா என்றதும், வடக்கனந்தலில் நான் தனியாக இருந்த வீட்டின் வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அதைத் தாங்கிப் பிடித்தவர் எதிர்வீட்டு அண்ணன். ஆணி அடித்து முடித்ததும், “தைரியமா இரும்மா” என்றார்.

தைரியமாம்! அதற்கப்புறம் ஒருநாள்கூட, “சாப்ட்டியா?” என்று அந்த வீட்டிலிருந்து ஒரு குரல் வரவில்லை.

காய்ச்சல் விட்டது. தூக்கம் போனது போனதுதான். இன்றைக்கும் எங்காவது சுத்தியல் சத்தம் கேட்டால் ஓடிப்போய் என் வாசல் திறந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். “இன்னும் அதையே நெனச்சிக்கினு இருக்கியா?” என்று தெருவே சிரிக்கிறது.

கழற்றிய தகரம் கொல்லையில்தான் கிடக்கிறது. போன வாரம் அதே அண்ணன் வந்து, கோழிக்கூண்டுக்கு வேண்டுமென்று கேட்டார்.

“எடுத்துக்கினு போங்கண்ணே,” என்றேன். “கோழிய உள்ள வுட்டு அடைச்சிட்டு, மறக்காம அதுகிட்டயும் தைரியமா இருன்னு சொல்லுங்க.”