கஜானி அழுத்திய பொத்தான்

கஜானிக்கு முப்பத்தாறு வயது. எட்டில் செவ்வாய். நீர்வேலியிலிருந்து தினமும் பஸ் ஏறி, யாழ்ப்பாணம் அரியாலையில் இருந்த எங்கள் கலியாண இணையத்தள அலுவலகத்துக்கு வேலைக்கு வருவாள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கனடாவிலும் லண்டனிலும் மாப்பிள்ளை தேடுகிற தளம் அது. முதலாளி ஜெயசுதனைக் கெஞ்சி, தாய் மீனாம்பிகை மகளின் படத்தையும் அதில் போடுவித்திருந்தார்.

தளத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேர், பெண்ணின் சாதகத்தைக் கேட்டு வாங்குகிற 'குறிப்புக் கேட்க' என்ற பொத்தானை அழுத்துகிறார்கள் என்று எண்ணிக் காட்டச் சொன்னான் ஜெயசுதன். வருகைகளைக் கணக்கெடுக்கிற அனலிட்டிக்ஸில் அப்படி ஓர் அழுத்தலுக்குப் பெயர் கன்வேர்சன். கஜானி இரண்டு நாள் குந்தியிருந்து அதைப் பொருத்தினாள். சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க யாராவது ஒரு பெண்ணின் பக்கத்தில் அழுத்தியாக வேண்டும். அழுத்தினால் அந்த வீட்டுக்கு உடனே எஸ்எம்எஸ் போய்விடும்.

"ஒரு வீட்டிலையும் வீணா ஆசையைக் கிளப்பக் கூடாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தன் பக்கத்தைத் திறந்து அழுத்தினாள். தன் போனுக்குத்தான் வரும் என்று நினைத்தாள் பாவி. வருகிற சம்பந்தங்களை எல்லாம் மகள் தட்டிக் கழிக்கிறாள் என்று தாய் போன மாதமே ஜெயசுதனுடன் கதைத்து, பக்கத்தில் இருந்த போன் இலக்கத்தைத் தன்னுடையதாக மாற்றியிருந்தார். அது அவளுக்குத் தெரியாது.

அரை மணித்தியாலத்தில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. ஜெயசுதன் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, பிள்ளையின்ரை குறிப்பை ஆரோ கேட்டிருக்கினம். ஆர் ஆக்கள்? எந்த நாடு? நான் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைச்சிட்டன்."

ஜெயசுதன் கஜானியின் திரையை எட்டிப் பார்த்தான். கன்வேர்சன் ஒன்று. இடம் யாழ்ப்பாணம். அவனுக்கு விளங்கிவிட்டது. சொல்ல வேண்டாம் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் விடுவானா?

"நாடுமில்லை ஒண்டுமில்லை, அம்மா. உங்கடை மகள்தான் இஞ்சை இருந்து தன்ரை குறிப்பைத் தானே கேட்டவ!"

அலுவலகமே சிரித்தது. நானும் வயிறு நோகச் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

மீனாம்பிகை சிரிக்கவில்லை.

"அப்ப முந்திக் கேட்டவை, தம்பி? மூண்டு வருசமாக் கன பேர் கேட்டவை, தனக்குத்தான் ஒருத்தரையும் பிடிக்கேல்லை எண்டு சொன்னவளே?"

ஜெயசுதன் பழைய பதிவுகளைத் தட்டிப் பார்த்தான். இந்த முறை அவன் குரலில் பகிடி இல்லை.

"ஒருத்தரும் கேக்கேல்லை, அம்மா. உந்த ஒண்டுதான்."

மறுபக்கத்தில் போன் வைக்கப்பட்டது. ஜெயசுதன் பழைய பதிவுகளை மூடினான்.

"கஜானி, சோதனைக்கு அழுத்தினதைக் கணக்கிலையிருந்து எடுத்துவிடும்."

எடுத்தாள். தன் பெயருக்கு நேரே பூச்சியம் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப சரியா எண்ணுது, அண்ணை" என்றாள்.