எக்ஸ் இரண்டாக இருக்கும்போது

பத்து வயதிலேயே எனக்கு மூன்றாம் படிச் சமன்பாட்டுக்கு மதிப்புக் கண்டுபிடிக்கத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. சமன்பாடு எதற்கு, வளைவு எதற்கு என்பதெல்லாம் தெரியாது. கால்குலேட்டரில் எந்தப் பொத்தானுக்குப் பின் எதை அழுத்த வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

அப்போது கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருந்தோம். அப்பா வடக்கே லோரி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை வருவார், வந்தால் தூங்குவார். கையுறைத் தொழிற்சாலையிலிருந்து அம்மா வீடு திரும்ப இரவு எட்டாகும். அண்ணனுக்கு அது பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் வருஷம். நான் பள்ளி விட்டு ஒன்றரைக்கு வந்து கிரில் கதவைப் பூட்டிக்கொள்வேன். யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அந்தச் சட்டத்தை மீற எனக்கு ஒரு வாய்ப்பும் கிடைத்ததில்லை, ஏனென்றால் யாரும் கூப்பிட்டதே இல்லை.

அண்ணன் மூன்று மணிக்கு வருவான். செவ்வாயும் வியாழனும் நாலரை ரயிலைப் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் போவான். அங்கே ஒரு மண்டபத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் இலவசமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, கொடுத்த கிராப்பை வரைந்து முடிக்காமல் வருகிறவனுக்கு உள்ளே இடமில்லை. ஆகவே சாப்பிட்ட கையோடு அவன் கிராப் தாளை விரிப்பான். நான் எதிரே உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டுவேன். "மைனஸ் ஒன்னு?" என்பான். "எட்டு" என்பேன். இதைப் பேச்சு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அவன் கிளம்பிப் போனபின் எட்டு மணிவரை எனக்கு அதுகூடக் கிடையாது. மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டால் சந்தோஷப்படும் அளவுக்கு எனக்குத் தனிமை இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மைனஸ் எண்களுக்கு அடைப்புக்குறி போடாமல் தட்டிவிட்டேன். அப்படித் தட்டினால் கால்குலேட்டர் எண்ணை மட்டும் வர்க்கமாக்கிவிட்டு மைனஸை அப்படியே வெளியே நிறுத்திவிடும். அண்ணன் புள்ளிகளை வைத்தான். கோடு போடும் முன்பே நிமிர்ந்தான்.

"கியூபிக் இப்படி மேலருந்து எறங்கி வராது பாப்பா. முன்னாடி பிளஸ்தானே இருக்கு, கீழருந்து ஏறித்தான் வரணும். பிராக்கெட் போட்டியா இல்லியா?"

போடவில்லை என்று தலையாட்டினேன். எல்லாவற்றையும் மறுபடி தட்டி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. அவன் கொஞ்சம் முணுமுணுத்தான். பிறகு இரண்டு முட்டை உடைத்து ஊற்றி மீ கோரேங் நூடுல்ஸ் கிண்டினான். ஒரே தட்டில் சாப்பிட்டோம். அம்மா வரும்வரை வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். அன்று நான் கற்றுக்கொண்டதை எந்த மண்டபத்திலும் இலவசமாகச் சொல்லித்தர மாட்டார்கள்.

அடுத்த வியாழன் அவன், "எக்ஸ் ரெண்டு?" என்று கேட்டான். கால்குலேட்டரில் மைனஸ் நான்கு என்று வந்தது. "நாலு" என்றேன்.

அண்ணன் புள்ளியை வைத்தான். தாளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வளைவு போடும் ரப்பர் ரூலரை எடுத்துப் புள்ளிகளோடு பொருத்தி, அவசரமே இல்லாமல் வரைந்தான். கோடு ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

"தப்பா வந்துருச்சி போல. முதல்லருந்து போடுவோம்" என்றான்.

வகுப்புக்கு ஏன் போகவில்லை என்று அம்மா கேட்டபோது "மழைம்மா" என்றான். நாள் முழுக்க ஜன்னல் இல்லாத கூடத்தில் நின்றவள் அதை நம்பினாள். அதன் பிறகு நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். எல்லா நாளும் பொய் சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்று வாரம் ஒருமுறை மட்டும் சொன்னேன்.

தேர்வில் அண்ணனுக்குக் கணக்கு கைகொடுக்கவில்லை. கேட்ட இடத்தில் படிக்கக் கிடைக்கவில்லை. ஜொகூருக்குப் போய், அங்கிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கினான். நான்தான் அவனைக் கெடுத்தேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஏழு வருஷம் அதைச் சுமந்தேன்.

பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தில், அதே பாடம் எனக்கும் வந்தது. ஒரு பையன் வரைந்த கிராப்பை உயர்த்திக் காட்டிய ஆசிரியை, மூன்றாம் படி வளைவு இரண்டு முறைக்கு மேல் திரும்பாது, இது நான்கு முறை திரும்பியிருக்கிறது, கோடு போடுமுன் புள்ளிகளைப் பார்த்தாலே தெரிய வேண்டாமா என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடுபட்ட ஓர் அடைப்புக்குறியைக் கோடு போடுமுன்பே கண்டுபிடித்தவன் அண்ணன்.

அன்று சாயங்காலம் அவனுக்குப் போன் செய்தேன்.

"ரெண்டுக்கு நாலுன்னு சொன்னேனே, அது பொய்யின்னு அப்பவே ஒனக்குத் தெரியுமாண்ணே?"

"எது, கிராப்பா? பாத்தாலே தெரியும் லா."

"அப்புறம் ஏன் வரஞ்சே? திருத்திட்டு ரயிலப் பிடிச்சிருக்கலாம்ல?"

அவனுக்குப் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"அங்க போனா யாரும் ஏங்கிட்டப் பேச மாட்டாங்க பாப்பா. போறப்பவும் தனி, வர்றப்பவும் தனி. நீதான் நாலு, எட்டுன்னு ஏதாச்சும் சொல்லிக்கிட்டு இருப்ப."

அந்த வீட்டில் தனியாக இருந்தது நான் ஒருத்திதான் என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன்.