டிரம் நாக்காவில் யார் முதலில்

பிள்ளைகளா, மாட்டுங்காவில் நாலு தெரு கூடும் ஒரு நாக்காவின் நடுவில் அந்த நாளில் ஒரு தார் டிரம் நின்றது. உள்ளே கல்லும் மண்ணும் நிரப்பி, வெளியே கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பார்கள். போலீஸ்காரர் கிடையாது, விளக்கு கிடையாது. வண்டிகள் அந்த டிரம்மை வலம்வந்து, அதாவது டிரம் தன் வலது கைப் பக்கம் இருக்கும்படி, சுற்றிக்கொண்டு போகவேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. போன ஞாயிற்றுக்கிழமை ஐரோலியில் உங்களில் பெரியவன் தன் புதுக் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போனபோது, உங்கள் காலனி முனையில் இருக்கும் சின்ன வட்டத்தில் அவனும் இன்னொருவனும் முட்டிக்கொள்வதுபோல் நின்று ஆரன் அடித்தார்கள். "இதுல யாருப்பா மொதல்ல போகணும்?" என்று என்னிடம் கேட்டான். வலது பக்கத்திலிருந்து வருபவன் என்று சொன்னேன். சொன்னது சரிதான். ஆனால் ரயிலில் திரும்பும்போது, அந்தப் பதிலை நான் படித்த விதத்தையும் எழுதிவைக்கவேண்டும் என்று தோன்றியது. உங்களுக்குத் தமிழ் மெதுவாகத்தான் படிக்க வரும். மெதுவாகவே படியுங்கள்.

நீங்கள் தாத்தா என்று கூப்பிட்டவர், உங்கள் அம்மாவின் அப்பா, எனக்கு மாமா. தாராவியில் எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளிக் குடியிருந்தார். தினமும் காலையில் தாதரில் வாழை இலை எடுத்து, சைக்கிளில் கட்டி, மாட்டுங்கா ஓட்டல்களுக்குப் போடுவது அவர் தொழில். கேரியரில் இலைக்கட்டு அவர் தோளுயரத்துக்கு நிற்கும். ஏறிவிட்டால் இறங்குவது கஷ்டம் என்பதால், சாலையில் எதற்காகவும் காலை ஊன்றமாட்டார். மற்ற வண்டிகள்தான் அவருக்கு ஒதுங்கும். மரியாதை விஷயத்தில் ரொம்பக் கணக்கான மனிதர். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே நான் எழுந்து நின்றுவிடுவேன். அவரும் என்னை ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது.

நான் அப்போது செம்பூரில் ஒரு சோப்புக் கம்பெனி வேனில் கிளீனர். ஒருநாள் எங்கள் டிரைவர், முன்னால் போன ஒரு சைக்கிளை ஆரன் அடித்து ஒதுக்கிவிட்டு, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனார். சைக்கிளில் போனவர் மாமா. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். பத்து நாள் மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மகளிடம் மட்டும் சொல்லியனுப்பினார்: "ஒங்க வீட்டுக்காரரு பெரிய ஆளாயிட்டாருல்லா. மாமன் மேல சேத்த அடிச்சிட்டுப் போறாரு." உங்கள் அம்மா அதை அப்படியே அந்தக் குரலிலேயே சொல்லிக்காட்டி, ஒரு பக்கம் சிரித்து, ஒரு பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அந்த டிரைவர் ஊரோடு போய்விட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் லைசன்ஸ் வாங்கிவந்தால் வண்டி உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு வந்திருக்காது. டிரம் நாக்காவைச் சுற்றித்தான் பரீட்சை. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். தடித்த மீசை, கையில் அட்டை. முதல் இரண்டு தெருவும் நன்றாகவே ஓட்டினேன். நாக்காவுக்கு வந்தேன், வலது பக்கம் பார்த்தேன், ஒன்றுமில்லை. டிரம்மைச் சுற்ற ஆரம்பித்தேன். இடது பக்கத் தெருவிலிருந்து இலைக்கட்டோடு மாமா வந்தார்.

கால் தானாகவே பிரேக்கில் போனது. நடு வட்டத்தில் வேன் நின்றுவிட்டது. இறங்கியே பழக்கமில்லாத மாமா, என்னைப் பார்த்ததும் ஒரு காலை ஊன்றி அவரும் நின்றார்.

"போங்க மாப்ள!"

"இல்ல மாமா, நீங்க போங்க!"

"அட நீங்க போங்கன்னேம்லா!"

அவர் மாப்பிள்ளைக்கு வழி விட, நான் மாமனாருக்கு வழி விட, பின்னால் இரண்டு டாக்சியும் ஒரு மாட்டுவண்டியும் சேர்ந்துவிட்டன. டாக்சிக்காரன் தலையை வெளியே நீட்டி வாய்க்கு வந்ததைச் சொன்னான். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "யே கோன் ஹை?" என்று, இது யார் எனக் கேட்டார். மாமனார் என்று இந்தியில் சொன்னேன். அவர் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டே, "ரோடு பர் சசுர் நஹி ஹோதா, தாஹினா ஹோதா ஹை," என்றார். சாலையில் மாமனார் கிடையாது, வலது பக்கம்தான் உண்டு என்று அர்த்தம். சிரிக்காமல் சொன்னார். பதினைந்து நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார். அந்தப் பதினைந்தாம் நாள், மாதத்தின் கடைசிக்கு முந்தின நாள்.

உங்கள் அம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை. நேரே மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். "ஒங்களாலதான் அவுகளுக்குப் போச்சு," என்றிருக்கிறாள். மாமா துள்ளிவிட்டாராம். "நான் போவாண்டாம்னா சொன்னேன்? கைய காட்டுனேம்லா! அவரு நின்னா நான் எப்பிடி போவேன்? நாளைக்கு நாலு பேரு, மாப்பிள்ள வண்டிய மறிச்சிட்டுப் போனாம்னு பேசமாட்டாங்களா?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் தினமும் அதே நேரத்துக்கு அதே தெருவில் வந்தாகவேண்டும், ஓட்டலில் பத்து மணிக்குச் சாப்பாடு தொடங்கிவிடும். எனக்கோ அவரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தபடி முன்னால் போவது முடியாத காரியம். வேறு தெருவில் போங்கள் என்று மாமனாரிடம் சொல்ல எனக்கு வாயும் வராது.

இரண்டாவது பரீட்சைக்கு அதே இன்ஸ்பெக்டர், அதே நாக்கா. கிட்டே வரும்போதே என் கண் இடது பக்கத் தெருவைத்தான் தேடியது. மாமா இருந்தார். சைக்கிளை விட்டு இறங்கி, இலைக்கட்டு சாயாமல் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சாலைக்கு முதுகைக் காட்டி, ஒரு காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அந்த முதுகை எனக்குத் தெரியாதா? தோளில் நீலக்கரைத் துண்டு. என் வண்டி வருவது அவருக்குத் தெரியாது, அவர் நிற்பது எனக்குத் தெரியாது என்கிற மாதிரி ஒரு நிற்பு.

இன்ஸ்பெக்டரும் பார்த்துவிட்டார். "வஹி ஹை நா?" என்றார். அவரேதான் என்றேன். மீசைக்குள் லேசாக ஒரு சிரிப்பு. "சலோ," என்றார்.

வலது பக்கம் ஒரு டாக்சி வந்தது. நின்று, அதை விட்டு, பிறகு டிரம்மைச் சுற்றி, மாமாவின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கஜத்தில் போனேன். அவர் திரும்பவே இல்லை.

அன்று சாயங்காலம் வந்தவர் ஒன்றுமே தெரியாதவர்போல, "என்ன மாப்ள, கெடச்சிட்டா?" என்றார். எழுந்து நின்று, கிடைத்துவிட்டது என்றேன். "நல்லது," என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார். ஓட்டலில் பரிமாறும் ஒருவர்தான் பிறகு என்னிடம் சொன்னார்: அன்று இலை வராமல் முதல் பந்திக்குத் தட்டில் சோறு போட்டார்களாம். முதலாளி கத்தியதற்கு மாமா, "ரோட்டுல ஒரே வண்டி, என்ன செய்ய?" என்றாராம். எனக்கு முன்னால் ஆறு பேருக்குப் பரீட்சை நடந்தது. நான் எப்போது வருவேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அத்தனை நேரமும் அப்படியேதான் நின்றிருக்கிறார்.

அதன்பிறகு முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன், இடிக்காமல் ஓட்டினேன். மாமாவும் நானும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இப்போது எல்லா இடத்திலும் கோடு போட்டிருக்கிறார்கள், பலகை வைத்திருக்கிறார்கள். யாருக்கு உரிமை என்று எழுதியே இருக்கிறது. நல்லதுதான், அதன்படியே ஓட்டுங்கள்.

லைசன்ஸ் கைக்கு வந்த வாரம், விடுமுறை நாளில், யாரிடமும் சொல்லாமல் நான் அந்த நாக்காவுக்கு நடந்து போனேன். மாமா நின்ற இடத்தில், சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், பார்க்க வேறு ஒன்றும் கிடையாது. பின்னால் ஒரு வேன் வந்து, வேகம் குறைத்து, டிரம்மைச் சுற்றும் சத்தம் கேட்டது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. திரும்பாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு வந்தேன்.