கஞ்சிக்கு நீண்ட கைகள்

கஞ்சி ஊற்றுமுன் பாப்பம்மா, தட்டோடு நீளும் கையைத் தொட்டுப் பார்ப்பாள். விரல்களை அமுக்கி, மணிக்கட்டைத் திருப்பி, உள்ளங்கையில் கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீறுவாள். கை சுருங்கினால்தான் அகப்பை பானைக்குள் இறங்கும்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்குப் போகிற வழியில், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மணல்மேட்டின் அடியில், தகரக் கூரை போட்ட லாக்கப் ஒன்று இருந்தது. தங்கக் கல்லை மடியில் ஒளித்தவன், மேஸ்திரியை அடித்தவன் எல்லாரும் அங்கேதான் அடைபட்டார்கள். இரும்புக் கதவின் அடியில் ஒரு துவாரம். தட்டும் கையும் அதன் வழியே வெளியே வரும். பாப்பம்மா உள்ளே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்தது அபூர்வம், கைகளைத்தான் தெரியும். வெடியில் இரண்டு விரல் போன கை கொர்னேலியஸுடையது. நகமெல்லாம் கறுத்த நெட்டைக் கை தசரதனுடையதாயிருந்தது.

இப்படித் தொட்டுப் பார்ப்பது காவல் ஜமேதார் ராஜப்பாவுக்குப் பிடிக்காது.

"இன்னா பாப்பம்மா, கைரேகை பாக்கறியா? சும்னே ஊத்திட்டுப் போ."

"உள்ள உசுரோட கீறாங்களான்னு பாக்கறேன் ஜமேதாரே" என்பாள், சிரிக்காமல்.

பிளேக் வந்துபோன மறு வருஷத்தில் பிடித்த பழக்கம் அது. தசரதனுக்கு வயிற்றுப்போக்கு கண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் கத்தியதைக் கேட்டு அவள் ராஜப்பாவிடம் போய்ச் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்குப் போக நடிக்கறாங்க. டாக்டர் வர்ற அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்றார். பிறகு கத்தல் நின்றுவிட்டது. ஆனாலும் தசரதனின் கை வேளை தவறாமல் வந்தது. விரல்கள் தட்டைப் பிடிக்காமல் அதன்மேல் கிடந்தன. அவள் ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். நாற்றம் அங்கே எப்போதும் உண்டு. அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அடுத்த நாள் ஓர் ஈ அவன் விரலிடுக்கில் நிதானமாக நடந்து போயிற்று. விரல் அசையவில்லை. அவள் தொட்டாள். சில்லிட்டிருந்தது.

அவள் கூப்பிட்டு ராஜப்பா கதவைத் திறந்ததும் கொர்னேலியஸ்தான் பேசினான். "கத்திக் கத்திப் பாத்தோம்க்கா. ஒருத்தரும் வரல. இனி வாயத் தொறந்தா கஞ்சி கட்டுன்னாரு ஜமேதாரு. செத்தப்புறம் அவன் கையப் பாத்தாவது நீ கண்டுபுடிப்பேன்னு நீட்டிக்கினே இருந்தோம்."

அதே வருஷம் ஐப்பசி மழையில் கொர்னேலியஸின் கை நெருப்பாகக் கொதித்தது. ராஜப்பா பழைய பதிலையே சொன்னார். பாப்பம்மா அகப்பையை வைத்துவிட்டுச் சேற்றில் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த அந்த மூன்று விரல்களை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"கதவத் தொறங்க. அதுவரிக்கும் உட மாட்டேன்."

ராஜப்பா அதட்டினார். கம்பை ஓங்கினார். ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள், மண் அப்பிய முகங்களோடு, ஒவ்வொருவராக அவள் பின்னால் வந்து நின்றார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்த ராஜப்பா சாவியை எடுத்தார். கொர்னேலியஸைக் கம்பளியில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்தான்.

ஆனால் மறு வாரமே மேலிடத்து உத்தரவு வந்தது. கைதிகள் கையை வெளியே நீட்டக் கூடாதாம். தட்டை மட்டும் தள்ள வேண்டுமாம். ராஜப்பா கதவருகே நின்று அதை உரக்கச் சொன்னார்.

அன்று தட்டுகள் தாமாக நகர்வதுபோல் துவாரத்தின் வழியே ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. பாப்பம்மா வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு, தரையில் குப்புறப் படுத்து, தன் கையைத் தோள்வரை அந்த இருட்டுக்குள் விட்டாள்.