படகுக்காரருக்குப் போர்த்திய பொன்னாடை

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் கிடக்கும் தண்ணீரை வரைபடம் கால்வாய் என்கிறது. நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். ஓடுகிறது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். கடல் ஏறும்போது கொஞ்சம் உள்ளே வரும், இறங்கும்போது கொஞ்சம் வெளியே போகும், மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கும். வெயில் காலத்தில் மணக்கவும் செய்யும். ஆனாலும் காலி வீதியின் பஸ் இரைச்சலில் காது புளித்துப்போன எனக்கு, பின்பக்கப் பல்கனியில் தேத்தண்ணீரோடு நின்றால் நீர்க்காகம் முங்கி எழும்புகிற சத்தம் கேட்கும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றபோது, கடல் தெரியும் வீட்டை விட்டுவிட்டு ஆற்றைப் பார்த்த இந்த வீட்டை நான் அடம்பிடித்து வாங்கியது அதற்காகத்தான்.

எதிர்க்கரையில் ஒரு தோட்டம் இருந்தது. கொழும்பில் தோட்டம் என்றால் மரஞ்செடி என்று நினைக்கக் கூடாது, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் பலகை வீடுகள். தண்ணீரை ஒட்டிய கடைசி வீட்டில் ஒருத்தி இடியப்பம் அவித்து விற்றாள். அவளுடைய தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வேலை தேடிக் கொழும்புக்கு வந்தவர்கள். புருஷன் செத்த பிறகு இரண்டு பெண்பிள்ளைகளையும் அந்த இடியப்ப உரலை வைத்துத்தான் வளர்த்தாள். குசினியின் பின்சுவருக்கு அப்பால் ஆறு. விறகடுப்பு அந்தச் சுவரோடு இருந்ததால் புகை தண்ணீருக்கு மேலால் போய்விடும், அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தொந்தரவில்லை. எங்கள் தொடர்மாடியில் முக்கால்வாசி வீடுகளுக்கு இரவுச் சாப்பாடு அவளுடைய சிவப்பரிசி மா இடியப்பம். மாலையானால் நடைபாலத்தால் கூடையோடு வந்து கதவு கதவாகத் தட்டுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் படகு வந்தது. கொண்டுவந்தவர் நம்மவர். வெளிநாட்டில் உழைத்துவிட்டு நாடு திரும்பியவர். பைபர் படகு, பின்னால் கடலுக்குப் போகிற அளவில் ஒரு எஞ்சின், மேலே கூரை, கூரையில் ஸ்பீக்கர். சனி ஞாயிறுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிருலப்பனைப் பக்கம் போய்த் திரும்பும். மெதுவாகப் போனால் சனத்துக்கு அலுப்பாம். ஒரேயடியாக முடுக்கினால்தான் பிள்ளைகள் கூச்சல் போடுவார்களாம், கூச்சல் போட்டால்தான் அடுத்த கிழமையும் வருவார்களாம். விறாந்தையில் லொறி ஓட்டுகிற மாதிரி ஒரு வேலை அது. முதல்நாளே நீர்க்காகங்கள் எழும்பிப் போய்விட்டன, எனக்குத் தலையிடி தொடங்கிவிட்டது.

என் தலையிடிக்குப் பனடோல் இருக்கிறது. அவளுடைய கரைக்கு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் கல் அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் வெறும் மண். படகு கிளப்பிவிடும் அலை எங்கள் கல்லில் மோதித் திரும்பி, இன்னும் கோபத்தோடு அவளுடைய சுவரில் போய் அடிக்கும். அவள் குசினி யன்னலால் தலையை நீட்டி, "மல்லி, ஹெமின் யன்ன" என்று படகோட்டுகிற பெடியனிடம் கத்துவாள். சிங்களத்தில், மெதுவாகப் போ தம்பி என்று. அவன் பாவம், கையை உயர்த்திவிட்டு வேகத்தைக் குறைப்பான். வளைவு தாண்டியதும் முதலாளியின் பேச்சு விழும், எஞ்சின் மறுபடி உறுமும்.

ஒரு திங்கட்கிழமை, இடியப்பத்தைத் தந்த பிறகும் அவள் என் வாசலை விட்டுப் போகவில்லை.

"அக்கா, நேத்து தண்ணி அடுப்புக்குள்ளயே வந்துருச்சுங்க. வெறகெல்லாம் ஈரம். அதக் காய வச்சுக்கலாம். செவத்துக்கு அடியில மண்ணு போகுதுக்கா. கைய விட்டுப் பாத்தேன், முழங்கை வரைக்கும் போகுது."

"படகுக்காரரோட கதைச்சுப் பாத்தீங்களோ?"

"பேசுனேங்க. ஒன் வீடே களவா கட்டுனது, நீ எனக்குச் சட்டம் சொல்றியான்னு கேட்டாரு. நீங்கள்லாம் சொன்னா கேப்பாருக்கா. ஓட்ட வேணாம்னு சொல்லல. எங்க பக்கம் வாறப்ப மெதுவா போனா போதும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். எங்கள் நிர்வாகக் குழுத் தலைவரிடம் போனேன். வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் வீட்டுக்குள்ளேயே சப்பாத்து போட்டிருப்பவர்.

"ஓம் டீச்சர், கட்டாயம் கதைக்க வேணும்," என்றார். "ஆனா பொலிசுக்கெல்லாம் போகக் கூடாது. நமக்கேன் வம்பு. அவரும் எங்கட ஆள்தானே, கூப்பிட்டு வைச்சுக் கதைப்பம்."

பொலிஸ் வேண்டாம் என்றதை நான் பழிக்கவில்லை. யுத்த காலத்தில் வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்துவிட்டுத்தான் படுத்தோம். அந்தப் பயம் லேசில் போகாது. கூப்பிட்டுக் கதைப்பது நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் ஆட்களுக்குக் கூட்டம் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை கீழ்மாடி மண்டபத்துக்கு இறங்கிப் போனால், மேசைக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு நிற்கிறது. திரி போட்டு, எண்ணெய் விட்டு, பூவும் சுற்றியிருந்தார்கள். செயலாளரிடம், "இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"வாற மனுசனுக்கு ஒரு மரியாதை செய்ய வேணுமெல்லோ டீச்சர். வெறுமன இருத்தி வைச்சுக் குறை சொல்லுறது வடிவில்லை."

வெளியாள் ஒருவரை மண்டபத்துக்குக் கூப்பிட்டால் அவர் பிரதம விருந்தினர். கூப்பிட்டது அவரோடு சண்டை பிடிக்கவென்றாலும் அப்படித்தான். கல்யாண வீட்டிலும் பரிசளிப்பிலும் பழகிய கை, வேறு விதமாக வேலை செய்யாது. படகுக்காரர் வெள்ளைச் சட்டையோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு விளக்கேற்றினார். தலைவர் வரவேற்புரை சொன்னார். "எங்கட பிள்ளை ஒண்டு எங்கட ஆற்றை உலகத்துக்குக் காட்டுது" என்று அவர் சொன்னபோது என் காது சுட்டது. பிறகு ஒருவர் தட்டத்தில் பொன்னாடையைக் கொண்டுவந்தார். சரிகைக் கரை போட்டது. தலைவர் அதை விரித்து அந்த மனுசனின் தோளில் போர்த்த, முன்வரிசை எழும்பி நின்று கைதட்டியது.

அவர் நன்றி சொல்லிப் பேசத் தொடங்கினார். சுற்றுலா, முன்னேற்றம், வெளிநாட்டில் ஆறுகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் சொல்லி, எங்கள் தொடர்மாடிப் பிள்ளைகளுக்கு ஒருநாள் இலவசச் சவாரி என்று முடித்தார். மறுபடி கைதட்டல். எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பினேன்.

"எதிர்க்கரையில ஒரு வீட்டுச் சுவர் விழப்போகுது. அதைக் கதைக்கத்தான் இந்தக் கூட்டம்."

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வங்கியில் கடன் இல்லையென்று சொல்லும்போது அப்படித்தான் சிரித்திருப்பார். "அதைத் தேத்தண்ணிக்குப் பிறகு ஆறுதலாக் கதைப்பம் டீச்சர்."

தேத்தண்ணீர் வந்தது, வடை வந்தது, எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். நான் நிற்கவில்லை. படம் எடுத்து முடிந்ததும் படகுக்காரர் அவசர வேலையென்று கிளம்பிவிட்டார். தேத்தண்ணீருக்குப் பிறகு கதைக்க ஆள் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், இங்கே குரங்குக்கே பட்டும் சாத்தியாகிவிட்டது.

மண்டப வாசலில் அவள் நின்றாள். தோய்த்து மடித்த சேலையோடு, கேட்டால் பதில் சொல்லலாம் என்று வந்திருக்கிறாள். யாரோ அவள் கையிலும் ஒரு வடையைக் கொடுத்திருந்தார்கள். அவள் அதைச் சாப்பிடவில்லை.

"பேசிட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்த மண்டபத்திலிருந்த ஒவ்வொருவரையும் மனதாரத் திட்டினேன். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். நல்லது கெட்டதுக்கு ஓடிவருபவர்கள், நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர்கள். ஒரு மனுசனிடம் முகத்துக்கு முன்னால் "மெதுவாகப் போ" என்று சொல்ல மட்டும் அவர்களுக்கு நாக்கு எழும்பவில்லை.

அன்று பின்னேரமே படம் பேஸ்புக்கில் ஏறிவிட்டது. பொன்னாடையோடு நடுவில் அவர், இரண்டு பக்கமும் பல்லைக் காட்டிக்கொண்டு எங்கள் தொடர்மாடிக்காரர் எல்லோரும், கீழே பிரதேச மக்களின் பாராட்டு என்று எழுத்து. அடுத்த கிழமையிலிருந்து படகு இன்னும் முடுக்கமாகப் போயிற்று. பாராட்டப்பட்ட படகு அல்லவா.

நான் அவளைக் கூட்டிக்கொண்டு கால்வாய்க்குப் பொறுப்பான அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி தன்மையான பெண். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனைத் தட்டி அந்தப் படத்தை எங்களுக்கே காட்டினார். அங்குள்ள சனங்கள் இவரை விரும்புகிறார்களே மிஸ், நீங்கள் இரண்டு பேர்தானே வந்திருக்கிறீர்கள் என்றார். பிறகு அவளிடம், வீடு எந்த இடம், காணி யாருடையது என்று விசாரித்தார். அந்தக் கிழமையே பெயிண்ட் டின்னோடு இரண்டு பேர் வந்து அவள் வீட்டுச் சுவரில் சிவப்பில் ஒரு இலக்கம் எழுதிவிட்டுப் போனார்கள். உடைக்க வேண்டிய வீடு என்று அதற்கு அர்த்தம். முறைப்பாடு செய்யப் போனவளுக்குக் கிடைத்த பதில் அது.

அவர்கள் உடைக்கும்வரை சுவர் காத்திருக்கவில்லை. மழை விட்ட ஒரு ஞாயிறு மத்தியானம், தண்ணீர் ஏறிக் கிடந்தது. நான் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். படகு போயிற்று, அலை எங்கள் கல்லில் மோதித் திரும்பிற்று, அவளுடைய பின்சுவர் அடுப்போடு சேர்ந்து அப்படியே தண்ணீருக்குள் சரிந்தது. நான் நினைத்த அளவு சத்தம்கூட வரவில்லை. இடியப்பத் தட்டுகள் ஒவ்வொன்றாக மிதந்து கடல் பக்கம் போயின. சுவர் இல்லாத குசினியில் அவள் ஒரு கையில் உரலோடு நின்றாள். படகிலிருந்த பிள்ளைகள் எனக்குக் கை காட்டினார்கள். நான் அந்தப் படகைப் பார்த்துக் கத்தியது டீச்சர் வாயில் வரக்கூடிய வார்த்தைகள் அல்ல, அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

அவளுக்குத் தெமட்டகொடையில், ரெயில்வே யார்ட் தெரிகிற உயரத்தில் அரசாங்கத்தில் ஒரு மாடிவீடு கொடுத்தார்கள். வீடு நல்ல வீடுதான். விறகடுப்பு வைக்கக் கூடாது, விற்பனைக்குச் சமைக்கக் கூடாது. தெரிந்த வாடிக்கை எல்லாம் வெள்ளவத்தையில். இப்போது ஒரு அலுவலகத்தில் தரை துடைக்கப் போகிறாள்.

படகும் அதிக காலம் ஓடவில்லை. ஆற்றுவாழைச் செடி தண்ணீரை மூடிப் படர்ந்து எஞ்சினில் சுற்றிக்கொண்டது, வெயில் காலத்து மணமும் சேர, ஏற ஆள் இல்லை. முதலாளி எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு வேறு வியாபாரம் பார்க்கப் போனார். எங்கள் தொடர்மாடியில் அதை ஒருவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அவர்கள் கவனித்தது இடியப்பத்தை. குழுக் கூட்டத்தில் அதையே ஒரு விஷயமாக எடுத்தார்கள். கடை இடியப்பம் ரப்பர் மாதிரி இருக்கிறது, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆளாளுக்குக் குறை.

"டீச்சருக்குத்தானே அவவோட பழக்கம்," என்றார் தலைவர். "ஞாயிற்றுக்கிழமையிலயாவது அவிச்சுக் கொண்டுவருவாவோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

"கேக்கிறன்," என்றேன். "போகேக்க ஒரு பொன்னாடையும் வாங்கித் தாருங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

ஆனாலும் நான் தெமட்டகொடைக்குப் போனேன். இடியப்பம் கேட்க அல்ல, அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வெறுந்தேத்தண்ணீர் தந்தாள். பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம். உரல் அலுமாரிக்கு மேலே பேப்பர் சுற்றிக் கிடந்தது. நான் எழும்பும்போதுதான் கேட்டாள்.

"இப்பவும் அந்தப் படகு அப்படித்தான் பறக்குதாக்கா?"

"இல்லை. அது நிண்டுபோச்சு."

"எப்பங்க?"

"நீங்கள் இங்க வந்து கொஞ்ச நாளில. வித்துப்போட்டார்."

அவள் என் கோப்பையை எடுத்துத் தொட்டியில் வைத்தாள். "எங்க வீடு இருந்த எடத்துல என்னா கட்டிருக்காங்க?"

"ஒண்டும் கட்டேல்லை. சும்மாதான் கிடக்குது."

தண்ணீரைத் திறந்து கோப்பையைக் கழுவினாள். கழுவி முடித்தும் குழாயை மூடவில்லை.

"அப்ப நான் அங்கயே இருந்திருக்கலாமேக்கா," என்றாள்.

இருந்திருக்கலாம். நான் எட்டிக் குழாயை மூடினேன்.